டபுள் பேஸை வீட்டிலேயே செட்டப் செய்ய, பழுது பார்க்க: புதுச்சேரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி பதினொன்றரை மணி இருக்கும். முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து, பேஸுக்கு, அதாவது வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான டபுள் பேஸுக்கு, புதுக் கம்பி மாற்றலாம் என்று பழைய கம்பிகள் நான்கையும் ஒரே மூச்சில் தளர்த்திவிட்டேன். கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரக்கட்டையான குதிரை சாய்ந்து மடியில் விழுந்தது. அது பரவாயில்லை. அடுத்த நொடி வாத்தியத்தின் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். ஏதோ உருண்டு போய் ஒரு மூலையில் நின்றது. மறுநாள் காலை கீழ் வீட்டு அக்கா, "என்னப்பா, ராத்திரி மாடியில தேங்கா விழுந்துச்சா?" என்று கேட்டார். விழுந்தது சவுண்ட் போஸ்ட், உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் குச்சி. அதைத் திரும்ப நிறுத்த எனக்கு ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் கற்றதும், அதன் பிறகு பல மழைக்காலங்களில் கற்றதும்தான் இந்த வழிகாட்டி.

வயலின் என்றால் நம் ஊரில் பார்த்துத் தர ஆள் கிடைப்பார். ஆறடி உயர வாத்தியத்துக்கு அப்படிப் பக்கத்துத் தெருவில் பட்டறை கிடையாது. வேன் பிடித்து ஈ.சி.ஆரில் சென்னை வரை போய்வரும் செலவை நினைத்தாலே பாதிப் பேர் இரைச்சலோடு வாசிக்கப் பழகிக்கொள்கிறார்கள். தேவையில்லை. பேஸில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை குதிரை சாய்வது, கம்பி உயரம் மாறுவது, விளிம்பு ஒட்டு விடுவது, ஒரு திருகு தளர்வது என்ற நான்கில் அடங்கிவிடும். பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் இவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்னுடையது பிளைவுட் உடம்பு, முக்கால் அளவு. முக்கால் என்றதும் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். பெரியவர்கள் வாசிக்கும் வழக்கமான அளவே அதுதான். உங்களுடையது செதுக்கிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை உள்ள பேஸ் என்றால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் இன்னும் மெதுவாகச் செய்யுங்கள்.

முதலில் நோட்டு

கடற்கரை ஊரில் பேஸ் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வேறு வாத்தியம் ஆகிவிடும். மேல்பலகை ஈரத்தைக் குடித்தால் உப்பும், குதிரையும் கூடவே ஏறும், கம்பி விரல்பலகையை விட்டு விலகும். காய்ந்தால் எல்லாம் இறங்கும், கம்பி பலகையில் உரசி இரையும். பிளைவுட்டில் இந்த ஏற்ற இறக்கம் கம்மி, ஆனாலும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பிகளில் மெல்லியதான ஜி, பலகையிலிருந்து 6 மி.மீ. உயரத்தில் இருந்தது ஏழரைக்குப் போயிருந்தது. நோட்டில் 6 என்று எழுதி வைக்காமல் இருந்திருந்தால், என் விரல்தான் பலவீனமாகிவிட்டது என்று நினைத்திருப்பேன்.

அதனால் எதையும் தொடும் முன் அளந்து எழுதுங்கள். விரல்பலகை முடியும் இடத்தில், கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி: நான்கு கம்பிக்கும் தனித்தனியாக. நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னக் கட்டையிலிருந்து, குதிரை வரை உள்ள நீளம். முக்கால் அளவில் இது பெரும்பாலும் 104 முதல் 106 செ.மீ. குதிரையின் கால்கள் நிற்கும் இடம். அதை மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலால் குறிக்கலாம், வார்னிஷில் கோடு போட வேண்டாம். தேதி, அறையின் ஈரப்பதம். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேஸுக்கு 40 முதல் 60 சதவீதம் நல்லது. நமக்கு அது கனவு. என் அறையில் 75 சாதாரணம். இங்கே அந்த எண் என்ன என்பதைவிட அது திடீரென்று தாவாமல் இருப்பது முக்கியம். பகலெல்லாம் ஜன்னல் திறந்து வைத்துவிட்டு ராத்திரி முழுக்க ஏ.சி. போடும் அறைதான் பேஸுக்கு மோசமான இடம்.

இன்னொரு விதி: ஒரு நாளில் ஒரு மாற்றம். குதிரையை நகர்த்தி, கம்பியும் மாற்றி, போஸ்டையும் தள்ளிவிட்டால், எதனால் சத்தம் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கருவிகள்

பெரிய பட்டியல் வேண்டாம். மி.மீ. கோடு உள்ள இரும்பு ஸ்கேல், நுண்ணிய உருண்டை அரங்கள், 80, 120, 220, 400 எண் உப்புத்தாள், பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி, செல்போன் டார்ச், மென்மையான 4பி பென்சில், ஒரு பழைய கம்பளி. அலுமினியம் கதவு, ஜன்னல் செய்யும் கடையில் 60 செ.மீ. நீளச் சதுரக் குழாய்த் துண்டு ஒன்று கேளுங்கள். நேராக இருக்கிறதா என்று கடைக் கண்ணாடி மீது வைத்துப் பார்த்து வாங்குங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையா? பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. இரண்டை அடுக்கினால் ஒன்றரை. நான் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கம்பி மாற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு கம்பி. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஸ்டீல் கம்பிகள் நான்கும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவைதான் குதிரையையும் சவுண்ட் போஸ்டையும் அதனதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. ஒட்டு கிடையாது, ஆணி கிடையாது.

பேஸைக் கம்பளி மேல் மல்லாத்திப் படுக்க வையுங்கள். ஒரு கம்பியைக் கழற்றியதும் நட்டிலும் குதிரையிலும் உள்ள பள்ளத்தில் பென்சிலைத் தேயுங்கள். கிராஃபைட் இருந்தால் கம்பி வழுக்கிப் போகும், குதிரையின் தலையைக் கூடவே இழுத்துக்கொண்டு போகாது. புதுக் கம்பியை ட்யூனிங் கீயின் உருளையில் மேலிருந்து கீழாக, சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்றுங்கள். கம்பியின் இரண்டு முனையிலும் பட்டு நூல் சுற்றியிருக்கும். அந்த நூல் குதிரையின் மேலோ நட்டின் மேலோ வந்து உட்காரக் கூடாது. முக்கால்வாசி சுருதிக்கு ஏற்றியதும் நிறுத்திக் குதிரையைப் பாருங்கள். நட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்கும், கட்டாயம் சாய்ந்திருக்கும். நிமிர்த்திவிட்டு மேலே ஏற்றுங்கள்.

உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பழைய வேட்டித் துணியால் துடைப்பது போதும். ஸ்பிரிட்டால் துடைக்கலாம் என்பார்கள். ஒரு சொட்டு வார்னிஷில் விழுந்தால் தழும்பு போகாது. நான் செய்வதில்லை.

குதிரை

வீணைக்காரர்கள் சொல்லும் அதே குதிரைதான். மேப்பிள் மரம், இரண்டு கால். எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு பேஸிலேயே அடையாளம் இருக்கிறது: எஃப் வடிவத் துளைகளின் உள்பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும். இரண்டு வெட்டுக்கும் நேராகக் கற்பனைக் கோடு போட்டால் அது குதிரைக் கால்களின் நடுவில் ஓட வேண்டும். ஜி கம்பியும் ஈ கம்பியும் விரல்பலகையின் ஓரத்திலிருந்து சம தூரத்தில் இருந்தால் குதிரை இடவலமாகவும் சரி.

பக்கவாட்டில் நின்று பாருங்கள். டெயில்பீஸை, அதாவது கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் கட்டையை, பார்க்கும் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். விரல்பலகையைப் பார்க்கும் முகம் சற்று வளைந்து சரிந்திருப்பது இயல்பு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சாய்ந்த குதிரையை நிமிர்த்த, கம்பிகளை ஒரு சுரம் அளவு இறக்குங்கள். பேஸைப் படுக்க வைத்து, இரண்டு கட்டை விரலையும் குதிரையின் உச்சியில் ஒரு பக்கம், மற்ற விரல்களை எதிர்ப்பக்கம் வைத்து, தலையை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் இழுங்கள். கால்கள் நகரக் கூடாது. பயந்து பயந்துதான் முதல் முறை செய்வீர்கள், அது நல்லதுதான். சாய்ந்தபடியே மாதக்கணக்கில் விட்டால் குதிரை நிரந்தரமாக வளைந்துபோகும், ஒருநாள் படாரென்று விழும்.

கால்கள் மேல்பலகையில் முழுதாகப் படிய வேண்டும். சுற்றிலும் ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். எங்காவது நுழைந்தால் அங்கே சத்தம் கசிகிறது என்று அர்த்தம். மலிவு விலைப் பேஸ்களில் இது சர்வசாதாரணம். சரிசெய்ய, குதிரை நிற்கும் இடத்தில் 120 எண் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி டேப் போட்டு ஒட்டி, குதிரையை நிமிர்த்திப் பிடித்துக் கம்பி ஓடும் திசையில் குறுகலாக முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு கார்பன் தாளை வைத்து அழுத்தி, கறுப்பு விழுந்த மேட்டை மட்டும் கூர்மையான கத்தியால் சுரண்டுங்கள். இதற்குக் கம்பிகளை முழுதாகத் தளர்த்தியாக வேண்டும் என்பதால் போஸ்ட் விழும் ஆபத்து உண்டு. பேஸை மல்லாத்தியே வைத்து, ஆட்டாமல், தட்டாமல் செய்தால் பெரும்பாலும் நின்றுகொள்ளும்.

குதிரைக் கால்களில் அலுமினியச் சக்கரம் இருந்தால் கம்பி உயரம் மாற்றுவது எளிது. மறுபடியும் ஒரு சுரம் இறக்கி, சக்கரத்தைக் கையால் திருப்புங்கள்; கையால் திரும்பவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், இடுக்கியைத் தேடாதீர்கள். எந்தப் பக்கம் எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்து வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் நன்றி சொல்வீர்கள். சக்கரம் இல்லாத குதிரையில் உயரத்தைக் குறைக்க உச்சியைத்தான் இழைக்க வேண்டும். கூட்ட வழியே கிடையாது. ஆகவே அரை மி.மீ. இழைப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி அரை மி.மீ. என்று போங்கள்.

உயரம் எவ்வளவு?

இதில் வேதவாக்கு இல்லை. விரல்பலகை முடியும் இடத்தில் அளந்தால், ஸ்டீல் கம்பியில் விரலால் ஜாஸ் வாசிப்பவர்களுக்கு ஜி 5, ஈ 8 மி.மீ. வசதியாக இருக்கும். வில்லால் சேர்ந்திசையில் வாசிப்பவர்கள் ஜி 6 அல்லது 7, ஈ 9 அல்லது 10 வைப்பார்கள். குடல் நரம்பு போட்டால் இன்னும் உயரம் வேண்டும், அது அகலமாக அதிரும். ரொம்பத் தாழ்த்தினால் வாசிக்கச் சுகம், ஆனால் சத்தம் மெலிந்து மைக்கை நம்ப வேண்டியதாகிவிடும். நானே ஒரு வருஷம் ஜி-யை 4-ல் வைத்து ஏமாந்தேன்.

உயரம் சரியாக இருந்தும் முதல் இரண்டு இடங்களில் மட்டும் அழுத்தக் கஷ்டமாக இருந்தால் குற்றவாளி நட்டு. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே, நட்டை ஒட்டி, ஒரு விசிட்டிங் கார்டு கம்பியைத் தூக்காமல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் உருண்டை அரத்தால் பள்ளத்தை ஆழமாக்குங்கள், ட்யூனிங் கீ பக்கமாகச் சரிவு வரும்படி. மூன்று இழுப்பு, மாட்டிப் பார், மூன்று இழுப்பு. பள்ளம் கம்பியின் பாதிக் கனத்துக்கு மேல் ஆழமாகப் போகக் கூடாது; போனால் நட்டின் உச்சியை இழைத்துவிடுங்கள். கைதவறி அதிகம் அறுத்துவிட்டீர்களா? கருங்காலித் தூளைப் பள்ளத்தில் நிரப்பி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, காய்ந்ததும் மறுபடி அறுக்கலாம். சூப்பர் குளூவுக்கு இந்த வாத்தியத்தில் நான் அனுமதிக்கும் ஒரே வேலை அது.

விரல்பலகை நேர்கோடாக இருக்கக் கூடாது, லேசாகக் குழிந்திருக்க வேண்டும். கம்பியின் இரண்டு கோடியையும் பலகையில் அழுத்திப் பிடித்து நடுவில் பாருங்கள். ஜி-க்கு அடியில் ஒரு ஏ.டி.எம். கார்டு, ஈ-க்கு அடியில் இரண்டு கார்டு நுழைந்தால் போதும். கிட்டாரின் கழுத்துக்குள் வளைவைத் திருத்த வைத்திருக்கும் இரும்புக் கம்பி இதில் இல்லை. குழிவை மாற்ற வேண்டுமானால் மரத்தைத்தான் சீவ வேண்டும். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் இரைச்சல் என்றால், அந்த இடத்துக்கு அடுத்து, குதிரைப் பக்கமாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு மேடு இருக்கும். சாக்பீஸைப் பலகை நெடுகப் பூசி, அலுமினியக் குழாயை நீளவாக்கில் தேய்த்தால் மேட்டில் மட்டும் சாக் அழியும். குழாயில் 120 எண் தாளை ஒட்டி அந்த மேட்டை நீளவாக்கிலேயே தேயுங்கள். அப்புறம் 220, 400. முடிவில் ஆளிவிதை எண்ணெயில் ஒரு துளி.

முன்னதாக ஒரு சோதனை: பலகையின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு நிறம் போய் வெளுத்த மரம் தெரிந்தால் அது கருங்காலி இல்லை, சாயம் பூசிய வேறு மரம். கருங்காலி மாலை வாங்கும்போது மட்டும்தான் இந்தச் சந்தேகம் வர வேண்டும் என்றில்லை. சாயப் பலகை என்றால் தேய்த்த பிறகு மறுபடி சாயம் போட வேண்டும், அவ்வளவுதான். அரை மி.மீ.க்கு மேல் மேடு இருந்தால் விட்டுவிடுங்கள். முழுப் பலகையையும் இழைப்புளியால் சீர்செய்வது தொழில்காரர் வேலை.

இரைச்சல் வேட்டை

திறந்த ஏ கம்பியை மீட்டினால் மட்டும் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். இரண்டு வாரம் தேடினேன். குதிரைச் சக்கரத்தை இறுக்கினேன், கீ-யைக் கழற்றினேன், விளிம்பெல்லாம் தட்டினேன். கடைசியில் ஒருநாள் பேஸை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வாசித்தால் சத்தமே இல்லை. கீழே இறங்கி வந்து தேடியபோது ஷோகேஸின் கண்ணாடிக் கதவு. அந்தச் சுரம் வினாடிக்கு 55 அதிர்வு. கண்ணாடிக்கு அது ஏனோ பிடித்துவிட்டது. ஒரு காகிதத்தை மடித்துச் செருகினேன், பிரச்சினை தீர்ந்தது. அதனால் முதல் விதி: வேறு இடத்தில் வாசித்துப் பாருங்கள்.

வாத்தியத்தில்தான் கோளாறு என்று உறுதியானால் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நீங்கள் ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்துங்கள். எங்கே தொட்டதும் நிற்கிறதோ அதுதான். நான் பார்க்கும் வரிசை இது: ட்யூனிங் கீயின் திருகுகள், கம்பியின் வெட்டிய நுனி எதிலாவது உரசுகிறதா, குதிரைச் சக்கரம், பிக்கப் வயர், டெயில்பீஸைப் பிடிக்கும் வயர், பேஸைத் தரையில் ஊன்றும் கம்பியான எண்ட் பின்னின் திருகும் அதன் கழுத்தும். எண்ட் பின் குழாய்க்குள் ஆடுகிறதென்றால் அதை உள்ளே முழுதாகத் தள்ளிவிட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் விடை கிடைத்துவிட்டது. இத்தனையிலும் அகப்படாவிட்டால் விளிம்பு ஒட்டு விட்டிருக்கும். விரல் முட்டியால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கும் காது போதும். கெட்டியான சத்தம் திடீரென்று உடைந்த மாதிரி 'சடசட' என்று மாறும் இடம் பிரிந்த இடம்.

மேல் சுரங்களில் ஒன்றிரண்டு மட்டும் ஊளையிட்டுத் திக்கும். அது பழுது இல்லை. உடம்பின் சொந்த அதிர்வும் கம்பியின் அதிர்வும் மோதிக்கொள்வது. குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே உள்ள கம்பித் துண்டில் ரப்பர் வைத்த சின்னப் பித்தளை எடையை மாட்டி, மெல்ல நகர்த்தி, ஊளை அடங்கும் இடத்தில் இறுக்கினால் பெருமளவு குறையும்.

சவுண்ட் போஸ்ட்

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குச்சியை 'ஆம்' என்கிறார்கள். உயிர் என்று பொருள். இந்த ஊரில் பழைய ஆட்கள் சிலருக்கு இன்னும் தெரிந்த சொல்தான். மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, ஜி பக்கத்துக் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால், டெயில்பீஸ் பக்கமாக நிற்கும் ஸ்ப்ரூஸ் குச்சி. கனம் கிட்டத்தட்ட 18 மி.மீ. மறுபக்கம், ஈ காலுக்கு அடியில், பேஸ் பார் என்ற நீளக் கட்டை ஒட்டியிருக்கும். அதை நாம் தொடப் போவதில்லை.

போஸ்ட் விழுந்தால் முதல் வேலை கம்பிகளைத் தளர்த்துவது. செதுக்கிய மேல்பலகை என்றால் இதில் தாமதமே கூடாது. தாங்க ஆளில்லாமல் முழு இழுவையும் பலகையை அமுக்கிவிடும். அப்புறம் பேஸைத் தலைகீழாக்கி, உருட்டி, எஃப் துளை வழியாகப் போஸ்டை வெளியே எடுங்கள். பொறுமை வேண்டும், பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்ட காசைத் திரும்ப எடுக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் அதன் இரண்டு முனையையும் பாருங்கள். லேசாகச் சரிவாக வெட்டப்பட்டிருக்கும்; பலகைகளின் வளைவுக்குப் பொருந்தத்தான் அப்படி. எது மேல், எந்த முகம் துளையைப் பார்த்தது என்று கண்டுபிடித்துப் பென்சிலில் குறியுங்கள். போஸ்டின் மர ரேகை மேல்பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும்; குறுக்கே இல்லாவிட்டால் மெல்லிய ஸ்ப்ரூஸில் பள்ளம் விழும். அவசரப்பட்டு முனையைத் தேய்க்காதீர்கள். குட்டையானால் குப்பைதான்.

கருவிக்கு வெல்டிங் பட்டறையில் 6 மி.மீ. இரும்புக் கம்பியை 'எஸ்' வடிவில் வளைக்கச் சொல்லி, ஒரு முனையைத் தட்டிக் கூர்மையாக்கிக்கொண்டேன். அறுபது ரூபாய். கூரான முனையைப் போஸ்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் குத்தி நிறுத்தி, ஜி பக்கத் துளை வழியாக உள்ளே விட வேண்டும். நான் கண்டுபிடித்த ஒரு சின்ன உபாயம்: போஸ்டின் நடுவில் பலமான நூலைச் சுருக்குப் போட்டுக் கட்டி, நுனியை வெளியே விட்டுவிடுங்கள். விழுந்தால், விழும், நூலைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். முதல் மூன்று நாள் நூல் கட்டத் தோன்றாமல்தான் பேஸைத் தலைகீழாக்கிக்கொண்டே இருந்தேன்.

பேஸ் மல்லாந்திருக்கட்டும். முதலில் அடிமுனையைப் பின்பலகையில் அதன் இடத்தில் வையுங்கள். பழைய போஸ்ட் நின்ற வட்டத் தடம் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். பிறகு மேல்முனையைச் செங்குத்துக்கு இழுத்து வாருங்கள். அது பிடித்துக்கொண்டதும் கருவியை மெல்ல உருவி எடுத்து, மறுமுனையால் தட்டித் தட்டி நேராக்குங்கள். நிற்கிறதா, நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சிறந்த வழி எண்ட் பின் துளை. டெயில்பீஸ் வயர் அந்த எண்ட் பின்னைத்தான் பிடித்திருக்கிறது. கம்பிகள் முழுதும் தளர்ந்திருக்கும் இப்போதுதான் அதைக் கழற்ற முடியும். எஃப் துளைக்குள் டார்ச்சைக் காட்டி, கீழ்த்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தால், உள்ளே ஒரு சின்ன மண்டபம் போலத் தெரியும், நடுவில் ஒற்றைத் தூண். சாய்வு பளிச்சென்று தெரிந்துவிடும். முனைகளில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பல் கண்ணாடியால் பாருங்கள்.

குதிரைக் காலின் பின் விளிம்பிலிருந்து போஸ்டின் முன்பக்கம் 10 முதல் 20 மி.மீ.க்குள் இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி. கம்பி இல்லாமலேயே தானாக நிற்க வேண்டும். ஆனால் அடித்து இறுக்கி நிறுத்தியதாக இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் லொடலொடவென்று இருந்தால் காகிதம், தீப்பெட்டி அட்டை எதையும் செருகாதீர்கள், நீளமான புதுப் போஸ்ட்தான் தீர்வு. சுருதி ஏற்றிய பிறகு சத்தம் பிடிக்கவில்லை என்றால், கம்பிகளை நன்றாக இறக்கி, குதிரை நிற்கும் அளவுக்கு மட்டும் இழுவை வைத்துக்கொண்டு, ஒரு மி.மீ. நகர்த்துங்கள். குதிரையை நெருங்கினால் சத்தம் கூர்மையாகி இறுகும், விலகினால் தளர்ந்து கனக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

பிரிந்த விளிம்பும் வச்சிரப் பசையும்

மழை முடிந்து தை பிறக்கும்போது என் பேஸில் எங்காவது ஒரு விளிம்பு வாய் திறந்திருக்கும். முதல் முறை வெள்ளைப் பசை டப்பாவோடு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது போட்டா சாகுற வரைக்கும் பிடிக்கும் தம்பி. உனக்கு வேண்டியது அது இல்லையே. நாளைக்கு நீயே பிரிக்கணும்ல?"

"அப்ப எதுண்ணே போடுறது?"

"வச்சிரம். எங்கப்பா காய்ச்சுனா தெருவே மூக்கப் பிடிக்கும்."

அவர் சொன்னதுதான் உலகமெங்கும் வயலின் செய்பவர்களின் கணக்கும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை, மரம் சுருங்கி இழுக்கும்போது மரம் பிளப்பதற்கு முன் தான் விட்டுக்கொடுக்கும். வெந்நீர் பட்டால் இளகும். அப்படி விட்டுக்கொடுப்பதால்தான் விளிம்பு பிரிகிறது, பலகை பிழைக்கிறது.

மணியாகக் கிடைக்கும் வச்சிரத்தை இரண்டு மடங்கு எடை தண்ணீரில் சில மணி நேரம் ஊற வையுங்கள். ஜெல்லி மாதிரி உப்பியதும் அந்தப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் உருக்குங்கள். கொதித்தால் பலம் போய்விடும். குச்சியில் தொட்டுத் தூக்கினால் நல்லெண்ணெய் மாதிரி அறுபடாமல் இழையாக ஒழுக வேண்டும். விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தளர்த்தியாக இருப்பது நல்லது. குளிர் ஊர்களில் பூசி முடிப்பதற்குள் உறைந்துவிடும் என்று அவசரப்படுவார்கள். நம் வெயிலில் நிதானமாகவே பூசலாம், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

கிளாம்ப் முக்கியம். பேஸின் பக்கவாட்டு ஆழம் சுமார் 20 செ.மீ. என்பதால் சாதாரணக் கிளாம்ப் எட்டாது. ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ. முழு மரைக் கம்பியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வட்ட மரத்துண்டு, உள்பக்கம் கார்க், வெளியே விங் நட். எட்டு செய்து வைத்தால் ஆயுசுக்கும் போதும். சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிச் சுற்றிக் கட்டியும் சமாளிக்கலாம், ஆனால் எங்கே எவ்வளவு அழுத்தம் என்று தெரியாது.

கம்பிகளைப் பாதி இறக்குங்கள். பசை இல்லாமல் ஒருமுறை கிளாம்ப் போட்டு, விளிம்பு தானாக மூடுகிறதா என்று பாருங்கள். வலிந்து இழுத்தால்தான் மூடும் என்றால் ஒட்டாதீர்கள், பலகை சுருங்கியிருக்கிறது. மூடினால், வெந்நீரில் நனைத்த மெல்லிய கத்தியை இடுக்கில் ஓட்டிப் பழைய பசையைக் கழுவுங்கள். சூடான பசையை அதே கத்தியால் உள்ளே ஊட்டி, கிளாம்பை இறுக்கி, வழிந்ததை ஈரத்துணியால் துடையுங்கள். இறுக்கம் என்றால் பசை பிதுங்கும் அளவு, மரம் முனகும் அளவு இல்லை. 24 மணி நேரம். மழை நாளில் 48.

சில்லறை வேலைகள்

எண்ட் பின் ரப்பர் தேய்ந்து பேஸ் வழுக்கினால் மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பரைக் கேளுங்கள். அளவுக்கு எண்ட் பின் கம்பியை எடுத்துப் போங்கள். ட்யூனிங் கீயின் திருகு பிடிக்காமல் சுற்றினால், ஈர்க்குச்சியைப் பசையில் தோய்த்துத் துளையில் திணித்து, காய்ந்ததும் திருகை ஏற்றுங்கள். பற்சக்கரத்துக்குத் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நின்று வாசிக்கும்போது நட்டு புருவ உயரத்தில் வரும்படி எண்ட் பின்னை வைத்தால் தோள் வலி குறையும்.

கை வைக்கக் கூடாதவை

கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் விரிசல், பேஸ் பார் விட்டுப் போவது, போஸ்டுக்கு நேர் மேலே ஓடும் வெடிப்பு, குதிரைக்கு அடியில் பலகை உள்வாங்கியிருப்பது. இவற்றில் எது வந்தாலும் உடனே கம்பியை இறக்கிவிட்டு நல்ல பழுதுக்காரரிடம் போக வேண்டியதுதான். விரிசலை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் பசை பிடிக்காது. பெயர்ந்து விழுந்த சிராய் ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சென்னைக்கு வேனில் அனுப்பும்போது குதிரை நின்றபடி போகட்டும். டெயில்பீஸுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைச் செருகுங்கள், குதிரை சரிந்தாலும் டெயில்பீஸ் பலகையைக் கிழிக்காது. எண்ட் பின்னை உள்ளே தள்ளி இறுக்குங்கள். பக்கவாட்டு விலா கீழே இருக்கும்படி மெத்தை மேல் படுக்க வைத்து, வண்டி மதியம் வெயிலில் நிற்காமல் காலை ஆறு மணிக்கே கிளம்பச் சொல்லுங்கள். நோட்டையும் கூடவே கொடுத்தனுப்புங்கள், அவருக்கு முதலில் வேண்டியது அந்த அளவுகள்தான்.